பக்கத்து வீட்டில் மட்டும் புறப்பட்ட தேர்

உப்பளம், புதுச்சேரி
19.08.2024, திங்கட்கிழமை
(குரோதி வருடம், ஆவணி 3)

பேரன்பிற்குரிய மைத்துனர் திரு. புருஷோத்தமன் அவர்களுக்கு,

தங்கள் தமக்கை செல்வாம்பாளின் கணவனும், பஞ்சாலையில் நேரக் கண்காணிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய அம்மாவாசை எழுதுவது. இவ்விடம் நாங்கள் இருவரும் நலம். கடலூரில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். பதிலுக்குக் காத்திராமல் காரியத்திற்கு வருவதை மன்னிக்கவும். தங்கள் பள்ளித் தோழரும் எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுப்பவருமான கன்னியப்பனிடம் தாங்கள் ஒரு வார்த்தை பேசி, என் வீட்டுக் கேபிளை மறுபடி இணைக்கச் செய்ய வேண்டும். நான் கேட்டதாக அவருக்குத் தெரியக் கூடாது. தாங்களாகவே அக்காள் மீதுள்ள பாசத்தால் கேட்பதுபோல் கேட்க வேண்டும்.

இந்த நிலை எனக்கு எவ்வாறு நேர்ந்தது என்பதைத் தேதி வாரியாகச் சொன்னால்தான் விளங்கும். கடந்த ஜூலை 14, ஞாயிறு அன்று பெங்களூரிலிருந்து வந்திருந்த என் மகன் எழிலரசன், தொலைக்காட்சியின் பின்னால் கட்டைவிரல் அளவில் ஒரு குச்சியைச் செருகி, “அப்பா, இனிமே கேபிளே வேணாம், எல்லாம் நெட்டுல வந்துடும், நீ எப்ப கூப்புடுறியோ அப்ப வரும்” என்றான். நான் கூப்பிடும்போது வருவது என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆலையில் நான் சங்கு ஊதிய காலத்தில் அப்படித்தான் எல்லோரும் வந்தார்கள். ஆகவே ஜூலை 22, திங்களன்று கன்னியப்பனை வரவழைத்து அவருடைய பெட்டியைத் துடைத்துக் கையில் கொடுத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “மாமா, ஆடி முடியட்டுமே. அஞ்சாம் வெள்ளிக்கு வீராம்பட்டினம் தேரை நம்ம சேனல்ல காட்டுவோம், அக்கா பாக்க வாணாமா?” என்றார். நான் தெரு கேட்கும்படி, “கன்னியப்பா, உன் கம்பி என் வாசற்படியை இனி மிதிக்காது” என்றேன். கம்பிக்குக் கால் ஏது என்று தாங்கள் கேட்கலாம். அன்று யாரும் கேட்கவில்லை.

நெட் என்பது மழைக்கும் மின்வெட்டுக்கும் போய்விடும் பொருள் என்பதால், முன்னெச்சரிக்கையாக, 1987-இல் வாங்கிய ஆன்டெனாவையும் பரணிலிருந்து இறக்கி, ஜூலை 24 அன்று மொட்டை மாடியில் நானே நாட்டினேன். பழைய முறைப்படி நான் மேலே நின்று திருப்ப, உங்கள் அக்காள் கீழே திரையைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். துறைமுகப் பக்கம் திருப்பினேன், கடற்கரைப் பக்கம் திருப்பினேன், ஒன்றும் இல்லை. கடைசியாக விளையாட்டரங்கப் பக்கம் திருப்பியபோது கீழிருந்து, “வருது, வருது!” என்று குரல் வந்தது. வெற்றி என்று அப்படியே இறுக்கிக் கட்டினேன். வந்தது மழை. கொடியில் கிடந்த துணிகளும் நானும் நனைந்து முடிந்தபின்தான், ஆன்டெனாவுக்கு வரும் அந்த ஒளிபரப்பையே நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன என்று எழிலரசன் தொலைபேசியில் சொன்னான். உங்கள் அக்காள் அண்ணாந்து பார்த்து, “இதுல காக்கா வரும். வேற என்னா வரும்?” என்றாள். உண்மையில் நல்ல தெளிவாக வருகின்றன, காலையும் மாலையும்.

போகட்டும். என் உண்மையான துயரம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பக்கத்து வீட்டு வேம்புவைத் தங்களுக்குத் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் வீட்டில் கன்னியப்பனின் கேபிள். எங்கள் வீட்டில் நெட். இரண்டும் ஒரே நிகழ்ச்சியைத்தான் காட்டுகின்றன, ஆனால் நெட்டில் வருவது சற்றுத் தாமதித்து வருகிறது. பக்கத்து வீடு சத்தமில்லாத வீடாக இருந்தால் பாதகமில்லை. சொல்தாவுக்கோ பரேடு மைதானத்துக் குரல். எங்கள் திரையில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடி வந்துகொண்டிருப்பார், அங்கே “அவுட்டு!” என்று சுவர் அதிரும். தொடரில் மாமியார் ஆஸ்பத்திரியில் கண் திறப்பாளா மாட்டாளா என்று உங்கள் அக்காள் நகம் கடித்துக்கொண்டிருப்பாள், அங்கே “தொறந்துட்டாடா!” என்பார். ஆலை முழுவதும் என் கடிகாரத்தைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட காலம் போய், என் வீடே அண்டை வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. ஒரு நேரக் கண்காணிப்பாளனுக்கு இதைவிட என்ன இழிவு வேண்டும்?

இவ்வாறாக ஆகஸ்டு 16, வெள்ளிக்கிழமை வந்தது. ஆடி 31, ஐந்தாம் வெள்ளி, செங்கழுநீர் அம்மன் தேர். புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி இணைந்த நாளும் அதுவே. அம்மன் தேர் நகர்வதைக் கண்ணால் பார்க்காமல் செல்வாம்பாள் பச்சைத் தண்ணீரும் பல்லில் படவிட மாட்டாள் என்பது தாங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே உங்கள் வீட்டு வழக்கம் அல்லவா? முழங்கால் பிசகியதிலிருந்து அவள் நேரில் போவதில்லை. கன்னியப்பனின் சேனலில் தேர் நகரும், இவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு சாப்பிட்டுச் சர்க்கரை மாத்திரையை விழுங்குவாள். நான் கேபிளை நிறுத்தியதில் இந்த விரதம் என் தலையில் விழுந்திருந்தது. நல்லவேளையாக அதே கன்னியப்பன் தன் சேனலை நெட்டிலும் விடுகிறார் என்று கண்டுபிடித்து, அவருக்குத் தெரியாமல் அவருடைய சேனலையே திரையில் வரவழைத்து, “பார், இதற்கா கேபிள்?” என்றேன்.

திரையில் கடல் மணலில் தலைகள், வேப்பிலை, பம்பை. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் முறைப்படி வடம் தொட வேண்டிய பெரியவர்கள் வந்து நின்றுவிட்டார்கள். உங்கள் அக்காள் கை கூப்பி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அந்த நேரத்தில் சுவருக்கு அப்பால் சொல்தா எழுந்து நின்று, ‘போ, போ’ என்பதைப் பட்டாளத்தில் கற்ற பிரெஞ்சில், “அலே! அலே! போவுது பார், தேர் போவுது!” என்று முழங்கினார். எங்கள் அம்மன் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“என்னாங்க இது? அவங்க வூட்டுல தேரு கௌம்பிடுச்சு, நம்ம வூட்டுல அம்மன் நின்னுக்கினே இருக்கா?”

“கொஞ்சம் பொறு. நெட்டில் வருகிறாள்.”

“அம்மன் தேர்ல வருவாளா, நெட்டுல வருவாளா?”

அதற்குள் படம் உறைந்து, அம்மன் முகத்தின் மேல் ஒரு வெள்ளை வட்டம் தோன்றிச் சுற்றத் தொடங்கியது. தேர்ச் சக்கரம் சுற்றவில்லை, மைத்துனரே. இது மட்டும் சுற்றியது. குச்சியை உருவிச் செருகப் போனேன், “சாமி மேல கைய வெக்காதீங்க” என்று தடுத்துவிட்டாள். சொல்தாவின் வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்றால், “ஊருக்கெல்லாம் கேபிளு வாணாம்னு பிரசங்கம் பண்ணீங்களே, இப்ப எந்த மூஞ்சியோட அங்க போவீங்க?” என்றாள். இட்லி ஆறியது. மாத்திரை தட்டில் கிடந்தது. அவள் சாப்பிட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருப்பதைக் கடிகாரத்தில் பார்த்தேன். “ஒரு வாய் சாப்பிடு, அம்மன் ஒன்றும் நினைக்க மாட்டாள்” என்று கெஞ்சினேன். “அவ நெனைக்க மாட்டா. எனக்கு எறங்காது” என்றாள்.

அதன்பின் நான் நடந்துகொண்டது என் இயல்புக்கு முற்றிலும் மாறானது. தொலைக்காட்சியை அணைப்பதாக எண்ணி ரிமோட்டில் இரட்டைக் கோடு போட்ட பொத்தானை அழுத்திவிட்டு, மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டு, உங்கள் அக்காளை ஆட்டோவில் ஏற்றி, “வீராம்பட்டினம், விடு!” என்றேன். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்ததை அரியாங்குப்பம் பாலத்தில்தான் கவனித்தேன். கூட்டம் ஆட்டோவை மறித்த இடத்தில் இறங்கினோம். அவள் என் தோளைப் பிடித்தாள், நான் எதிரில் வந்த எல்லோருடைய தோளையும் பிடித்தேன், என் செருப்பில் ஒன்று அந்த மணலுக்குக் காணிக்கையாயிற்று.

போய்ப் பார்த்தால், தேர் ஒரு தெரு முனையில் சக்கரம் மணலில் புதைந்து நிற்கிறது! முட்டுக்கட்டை போட்டிருக்கிறார்கள், பம்பைக்காரர் அடித்துக்கொண்டே இருக்கிறார், ஆட்கள் வியர்வையில் குளிக்கிறார்கள், அம்மன் அசையவில்லை. இங்கேயும் வட்டம் சுற்றுகிறதோ என்று அண்ணாந்தே பார்த்துவிட்டேன். அப்போது யாரோ, “சும்மா நிக்கிறவங்கல்லாம் வடத்துல கைய வெய்யுங்கம்மா!” என்று கத்தினார். முழங்கால் பிசகிய தங்கள் தமக்கை என் தோளை விட்டாள். நடந்தாள். வடத்தைப் பிடித்தாள். அவளுக்கு மட்டும் வழிவிட்ட கூட்டம் எனக்கு விடாததால் நான் இடித்துக்கொண்டு போய் அவள் பின்னால் பிடித்து, வேட்டியை மடித்துக் கட்டி, என்ன செய்கிறோம் என்று அறியாமல், “அலே! அலே!” என்று கத்தினேன். தேர் நகர்ந்தது! மைத்துனரே, மலை அசைவதுபோல் நகர்ந்தது, உங்கள் அக்காள் சின்னப் பெண்போல் சிரித்தாள், நானும் சிரித்தேன், பக்கத்தில் இழுத்தவர் யாரென்றே தெரியாது, அவரும் சிரித்தார்! பிறகு வீதியில் வார்த்த கூழை அவள் இரண்டு சொம்பு குடித்து மாத்திரையைப் போட்ட பின்தான் எனக்கு மூச்சு வந்தது.

வீடு திரும்பினால் திரை அணையவில்லை. அம்மன் நாங்கள் விட்ட இடத்தில் அப்படியே நிற்கிறாள். அணைப்பதற்காக மறுபடி இரட்டைக் கோட்டை அழுத்தினேன்; அது அணைக்கும் பொத்தான் அல்ல, நிறுத்தி வைத்து, விட்ட இடத்திலிருந்து ஓட விடும் பொத்தானாம். தேர் புறப்பட்டது! முடிந்துபோன தேர், நாங்கள் வந்து உட்கார்ந்த பிறகு, எங்களுக்காகப் புறப்பட்டது. பார்த்துக்கொண்டே இருந்தோம். தெரு முனை வந்தது. சக்கரம் புதைந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு செல்வாம்பாள் வந்தாள். அவள் பின்னால் பொத்தான் மாறிய சட்டையும் ஒற்றைச் செருப்புமாக வாயைப் பிளந்துகொண்டு ஒரு கிழவர் வந்தார். லாரி மேலிருந்து காமிரா பிடித்த கன்னியப்பனின் குரலும் திரையிலிருந்து வந்தது: “இதோ பாருங்க, நம்ம டைம்கீப்பர் மாமா! கேபிள நிறுத்திட்டாரு, தேர நிறுத்த முடியல! அக்கா, விடாதீங்க, இழுங்க!”

இதைப் புதுச்சேரி முழுவதும் எனக்கு முன்பே பார்த்துவிட்டது. நான் வாசலில் தலை காட்டினால் தெருவே “அலே” என்கிறது. சொல்தா எனக்குச் சல்யூட் வைக்கிறார். என் மானத்தை நானே கடைசி ஆளாகப் பார்க்கும் நிலை இனி வேண்டாம், ஆகவேதான் கேபிள். செப்டம்பர் 7, விநாயகர் சதுர்த்திக்குள் முடித்துத் தர வேண்டுகிறேன்.

தங்கள் இல்லத்தில் அடுப்பும் விளக்கும் குறைவின்றி எரியவும், பிள்ளைகள் பெரியோர் சொல்லுக்கு முன்னால் ஓடாமலும் பின்னால் தங்காமலும் வளரவும் அம்மன் அருள்வாளாக.

தங்கள் நலம் நாடும்,
அம்மாவாசை

பின்குறிப்பு, 20.08.2024, செவ்வாய்: தபால் தலை ஒட்டுவதற்காகக் கொடுத்த கடிதத்தைத் தங்கள் தமக்கை படித்துவிட்டாள். “கேபிளு வேணும்னு நான் கேட்டனா?” என்கிறாள். இரட்டைக் கோட்டின் பயனை அவள் கற்றுக்கொண்டாள். நேற்று ஒரு மாமியார் மருமகளை அறையக் கை ஓங்கியபோது நிறுத்திவிட்டு, போய்ச் சோறு வடித்து, ரசம் தாளித்து, வந்து உட்கார்ந்து, பிறகுதான் அறைய அனுமதித்தாள். “கேபிள்ல அம்மன் எனக்காக நிப்பாளா? இதுல நின்னா பாத்தீங்களா?” என்று கேட்கிறாள். இது நிற்க, சற்று முன் கன்னியப்பனே வந்தார். நான் மன்னிப்புக்காகத் தொண்டையைச் செருமுவதற்குள் அவர் கதவைச் சாத்திவிட்டு, “மாமா, அந்தக் குச்சி எந்தக் கடையில கெடைக்கும்? அக்கா கதைய நிறுத்தி நிறுத்திப் பாக்குதாம், எம் பொண்டாட்டி சுமலதா எனக்கும் அது வேணும்னு நிக்கிறா. பெத்த பொண்ணு மாதிரி சேனல வளத்தேன், எங்க வூட்டுலயே கேபிள் வாணாங்கிறா. வெளியில சொல்லிடாதீங்க, தொழிலு போயிடும்” என்றார். சொல்லவில்லை, தங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். ஆகவே மேலே கண்ட வேண்டுகோள் முழுவதும் ரத்து. அவரிடம் எதுவும் பேச வேண்டாம். அடுத்த தேர் 15.08.2025, வெள்ளிக்கிழமை, நாட்காட்டியில் குறித்துக்கொண்டு முதல் நாளே வந்துவிடவும். அக்காள் அப்போதும் வடம் பிடிப்பாளாம். எல்லோருமாகப் போய்த் தேரை இழுத்துவிட்டு, கூழ் குடித்துவிட்டு, வீட்டிற்கு வந்து, சாவகாசமாகத் தேரைப் புறப்பட விடலாம்.