டிரம் பாயும் மாஸ்டரின் வலது கையும்

திருவண்ணாமலையில் டிரம் பாயிடம் திட்டு வாங்காமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் யாரும் கிடையாது. அப்படி யாராவது இருந்தால், அவர்கள் கல்யாணத்தில் சாப்பாடே போடவில்லை என்று அர்த்தம்.

பாய் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அண்டா, ஜல்லிக் கரண்டி, கேஸ் அடுப்பு எல்லாம் கிடைக்கும். ஆனால் அடுப்பு கேட்டால் கூடவே ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் வரும். அடியில் குழாய் வைத்த டிரம். அதற்கு வாடகை இல்லை. வேண்டாம் என்று சொன்னால் அடுப்பும் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி, டிரம்மை அதன்மேல் ஏற்றி, கழுத்து வரை நல்ல தண்ணீர் நிரப்ப வேண்டும். பாய் வந்து குழாயைத் திறந்து பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கலாம்.

"இது இன்னாத்துக்கு பாய்?" என்று புது ஆட்கள் கேட்பார்கள்.

"யாராவது சுட்டுக்கினா ஊத்தறதுக்கு."

"சுட்டுக்கலன்னா?"

"சந்தோஷமா கீழ கொட்டிட்டுப் போ."

இதோடு விட்டாரா மனுஷன்? டிரம் போகிற இடத்துக்கெல்லாம் அவரும் போவார். சாப்பிட்டு முடித்த கூட்டம் கை கழுவ நேராக அந்தக் குழாயைத்தான் தேடி வரும். மாப்பிள்ளையின் தாய்மாமனையே எச்சில் கையோடு விரட்டியிருக்கிறார். சமையல் ஆட்கள் இடுப்பில் பற்பசை டியூப் வைத்திருந்தால் உடனே பறிமுதல். "பல்லுக்கு வாங்கனத பல்லுக்குப் போடு. புண்ணுல போட்டா டாக்டருதான் அத்த சுரண்டணும்" என்பார். இந்தக் காவல் வேலையில் அவர் ஒரு பந்தியிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "நான் எந்திரிச்சி போனா எவனாவது தட்டு கழுவிடுவான்" என்று சொல்லிவிட்டு, பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போவார்.

இந்த டிரம் பைத்தியம் எப்போது பிடித்தது, ஏன் பிடித்தது என்று ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. அவரிடமே கேட்டால், "ஃப்ரீயாத்தானே வருது, உனுக்கு இன்னா பேஜாரு?" என்பார்.

அவருக்கு ஜென்மப் பகையாளி ஒருவர் இருந்தார். எங்கள் அன்னதான மாஸ்டர். அடி அண்ணாமலையில் எங்கள் தெருக்காரர்கள் பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுகிறோம். நான் அதில் வாளி தூக்குகிற ஆள். அடுப்பும் டிரம்மும் பாயுடையவை, சமையல் மாஸ்டருடையது. தன் கையிலிருக்கும் தழும்புகளை அவர் மெடல் மாதிரி காட்டுவார். "இது ஆரணி கல்யாணம். இது போளூர் வளைகாப்பு." சுட்ட இடத்துக்கெல்லாம் அவருக்கு ஒரே மருந்து தோசை மாவு.

"மாவு அப்பினா ஜில்லுனு இருக்கும் பாய்."

"மேல ஜில்லுனு இருக்கும், சூடு உள்ள மாட்டிகினு வேகும். நீ இன்னா, கையிலயே தோசை ஊத்தப் போறியா?"

அப்போது மாஸ்டருக்கு ஒரே கனவுதான். அடுத்த மாதம் கீழ்பென்னாத்தூரில் அவர் மகளுக்குக் கல்யாணம். சமையல் முழுக்க அவர் கையால்தான் நடக்க வேண்டும். "வேற ஒருத்தன் கரண்டி புடிச்சான்னா, நான் மண்டபத்துக்கே வர மாட்டேன்" என்று சம்பந்தியிடமே சொல்லியிருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின பௌர்ணமி அன்று பாய் மாலைத் தொழுகைக்குக் கிளம்பும்போது, குழாயைச் சுற்றித் தன் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால், ஜனங்கள் துண்டை அவிழ்த்து, கை கழுவி, அதே துண்டில் துடைத்தும் இருந்தார்கள். பாய் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் அடுப்புப் பக்கம் ஒரு அலறல். சாம்பார் அண்டாவை இறக்கும்போது பிடிதுணி வழுக்கி, மாஸ்டரின் வலது கையில் முழங்கை வரைக்கும் கொதிக்கிற சாம்பார் கொட்டிவிட்டது.

"மாவு! மாவு எடுத்தாங்கடா!" என்றார் மாஸ்டர்.

வரிசையில் நின்ற ஒரு அம்மா, பையிலிருந்து தீப மைச் சிமிழை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். மலைமேல் எரியும் கார்த்திகை தீபக் கொப்பரையிலிருந்து எடுக்கிற மை அது. எங்கள் ஊரில் தலைவலி முதல் பரீட்சை வரை எல்லாவற்றுக்கும் தீப மைதான். பாய் குறுக்கே நின்றார். "அத்த அவரு நெத்தியில வெச்சி விடுங்கம்மா. நல்லது. கைக்குத் தண்ணி மட்டும்தான்."

மாஸ்டரின் கையைப் பிடித்து இழுத்துக் குழாய்க்குக் கீழே காட்டினார். மறு கையால் மோதிரத்தை உருவ ஆரம்பித்தார்.

"அது ராசி மோதிரம் பாய்!"

"விரல் வீங்கிச்சின்னா கட்டர் வெச்சி நறுக்குவாங்க. அப்புறம் ராசிய ரெண்டு துண்டா வாங்கிக்கோ."

ஜூஸ் கடைக்காரர் ஐஸ் கட்டியோடு வந்தார். அதையும் திருப்பி அனுப்பினார். "இருபது நிமிஷம் இப்பிடியே ஓடணும். ஒரு நிமிஷம் கூட கம்மி பண்ண மாட்டேன்."

ஆனால் பாதி டிரம் ஏற்கெனவே கை கழுவப் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் குழாய் நூலாக இளைத்துச் சொட்ட ஆரம்பித்தது. "போதும் விடுங்க பாய், சாம்பாரப் பாக்கணும்" என்று மாஸ்டர் கையை இழுத்தார்.

"உம் பொண்ணு கல்யாணத்துக்கு இந்தக் கை வேணுமா, வாணாமா?"

மாஸ்டர் அடங்கிவிட்டார். பாய் சாப்பாட்டு வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "தண்ணி பாட்டில் வெச்சிருக்கறவங்க எல்லாம் வாங்க. மொத்தமா ஊத்தாதீங்க. ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவர் நிதானமா ஊத்துங்க."

கிரிவலக் கூட்டத்தில் பாட்டில் இல்லாத கை ஏது? வரிசை அப்படியே மாஸ்டர் பக்கம் திரும்பியது. ஒவ்வொருவராக வந்து ஊற்றினார்கள். முன்னால் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கு என்ன தெரியும்? எல்லோரும் ஊற்றுகிறார்களே என்று அவர்களும் பயபக்தியோடு ஊற்றினார்கள். ஒருவர் மாஸ்டரின் மடியில் கொஞ்சம் பூ வைத்தார். கிரிவலப் பாதையில் ஒவ்வொரு லிங்கமாகக் கும்பிட்டு வந்த ஒரு பெரியவர் ஊற்றி முடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இது எந்த லிங்கம்ங்க?"

அந்த வலியிலும் மாஸ்டர் சிரித்துவிட்டார். பாய் மட்டும் சிரிக்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு, மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. இருபது நிமிஷமும் முடிந்த பிறகுதான் எழுந்தார். ஜூஸ் கடையில் பழத்துக்குச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வாங்கி, முதல் சுற்றைக் கிழித்து எறிந்துவிட்டு, மீதியைக் கையின்மேல் இறுக்காமல் போர்த்தினார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கும் கூடவே போனார்.

காயம் ஆழமாக இறங்கவில்லை, விரல்கள் நன்றாக மடங்கும் என்று டாக்டர் சொன்னார். கட்டுப் போட்டு அனுப்பினார். அதன்பிறகு பாய் தினமும் கடையைத் திறப்பதற்கு முன்னால் மாஸ்டர் வீட்டு வாசலில் ஆஜர். கட்டு நனையக்கூடாது, அழுக்குப் படக்கூடாது, டாக்டர் சொன்ன தேதியில் போயாக வேண்டும். தோசை மாவுப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்றுகூட எட்டிப் பார்ப்பாராம்.

"கொப்புளம் ஒண்ணு பெருசா கீது பாய். ஊசியால லேசா குத்திடலாமா?"

"உள்ள புதுத் தோலுக்குக் கல்யாணம் நடக்குது. பந்தல நீயே பிரிப்பியா?"

மாஸ்டர் பிரிக்கவில்லை.

கீழ்பென்னாத்தூர் கல்யாணத்தில் கரண்டி பிடித்தது மாஸ்டரேதான். வலது கையில் புதுத் தோல் ரோஸ் நிறத்தில் பளபளத்தது. வழக்கம்போல டிரம்மும் வந்தது, பின்னாலேயே பாயும் வந்தார். குழாயைத் திறக்கக் குனிந்தார். "நான் பாத்துட்டேன் பாய், ஃபுல்லா கீது" என்றார் மாஸ்டர். பாய் நம்பவில்லை. திறந்து பார்த்துவிட்டுத்தான் மூடினார்.

முதல் பந்திக்கு இலை போட்டதும், மாஸ்டர் கரண்டியை உதவி ஆளிடம் கொடுத்துவிட்டு டிரம்முக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க போய் உக்காருங்க பாய்."

"எவனாவது கை கழுவிடுவான்."

"எவன் வர்றான்னு பாக்கறேன். நான் நிக்கறேன் இல்ல, போங்க. எம் பொண்ணு கல்யாணத்துல நீங்க சாப்டணும்."

பாய் கொஞ்ச நேரம் மாஸ்டரின் கையைப் பார்த்தார். அப்புறம் போய் உட்கார்ந்தார். அந்தப் பந்தியில் சாம்பார் வாளி என்னிடம்தான் இருந்தது. பாய் ஒவ்வொரு கவளத்துக்கும் திரும்பித் திரும்பி டிரம்மைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நான் அவர் பார்வைக்கு மறைக்காமல் ஒரு ஓரமாகத் தள்ளி நின்றே பரிமாறினேன்.