கரடியும் நூற்றைம்பது கண் மயிலும்

ஒரு காட்டில் ஒரு மயில் இருந்தது. கரடிக்கு முதன்முதலில் கெடுதல் செய்தது அந்த மயில்தான். பிறகு செய்தவர்களும் உண்டு; அவர்கள் தங்கள் முறை வரும்போது வருவார்கள். ஆனால் யார் ஆரம்பித்தது என்று கேட்டால் மயில் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கே கேட்டாலும் இதை மாற்றிச் சொல்லக் கூடாது.

அந்தக் காட்டில், மலையடிவாரத்துக் குகை ஒன்றைத் தியேட்டராக்கியிருந்தார்கள். உள்ளே கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் இருட்டு. வாசலில் இரண்டு பலகைகள். உள்ளே போகிற பக்கம், 'போனை அணைத்துவிட்டு வரவும்' என்று எழுதியிருந்தது. வெளியே வருகிற பக்கம், 'படத்தின் முடிவை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யவும்' என்று எழுதியிருந்தது. முதல் பலகையை ஒரு ஜீவனும் மதித்ததில்லை. இரண்டாவது பலகைக்கு முன்னால் மட்டும் ஒவ்வொன்றும் பயபக்தியோடு நின்று, எரிகிற கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் போகும். அந்தச் சத்தியத்தை இன்றுவரை யாரும் மீறியதில்லை.

அங்கே 'தேனடை எங்கே?' என்று ஒரு படம் வந்தது. ஆலமரத்துப் பெரிய தேனடை காணாமல் போகிறது. யார் எடுத்தது என்று ஒரு கீரி துப்புத் துலக்குகிறது. இடைவேளை வரை சந்தேகமெல்லாம் ஒரு கரடி மேல். இடைவேளைக்குப் பிறகும் அதே கரடி மேல்தான்.

படம் வெளியான நாளிலிருந்து நம் கரடிக்கு நிம்மதி போயிற்று. அது நடந்து போனால் தேனீக்கள் பேச்சை நிறுத்தின. அணில் தன் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தியது. "கடைசியில யாருப்பா திருடன்? எங்க ஆளா, இல்லையா?" என்று கரடி கேட்டால், எல்லோரும் ஒரு மாதிரி சிரித்துவிட்டு நழுவினார்கள். அது பரிதாபச் சிரிப்பா, பயந்த சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நேரிலேயே பார்த்துவிடுவது என்று கரடி குளித்து, தலை சீவிக்கொண்டு புறப்பட்டது. உடம்பெல்லாம் முடி என்பதால் சீவி முடிக்க அரை நாள் பிடித்தது. ஆனாலும் மத்தியான ஆட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜி வரிசை, பன்னிரண்டாம் இருக்கை. பக்கத்தில் எருமை. நேர் முன்னால் மயில்.

கடைசிக் காட்சி. கீரி எல்லோரையும் ஆலமரத்தடியில் வரிசையாக நிற்க வைத்தது. மீசையைத் தடவிக்கொண்டது.

"தேனடையை எடுத்தது வேற யாரும் இல்ல..."

மயில் இருக்கும் முன்னே, மணியோசை வரும் பின்னே. போன் அடித்தது.

"அலோ! ஆங், தியேட்டர்ல! தி-யே-ட்டர்ல! இல்ல இல்ல, சும்மாதான் இருக்கேன், சொல்லு. என்னது, மழையா? நான் இன்னும் ஆடவே இல்லையே, எப்படி வருது?"

கரடிக்குச் சின்னக் கண். போன் வெளிச்சம் ஊசி போல ஏறியது. இறுக்கி மூடிக்கொண்டது. திறந்தபோது எல்லோரும் எழுந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் 'வணக்கம்' என்று போட்டிருந்தது.

"யாரு? யாருன்னு சொன்னான்?" என்று கரடி எருமையைப் பிடித்து உலுக்கியது.

"என்னா ஒரு திருப்பம்! நான் கனவுலகூட நெனக்கல மாமா."

"யாருன்னு சொல்லுய்யா!"

"பலகை போட்டிருக்குல்ல மாமா. சத்தியம்."

"இன்னும் வாசலுக்கே போகல. நீ எங்கய்யா சத்தியம் பண்ணே?"

"பண்ணப் போறேன்ல?" என்றது எருமை. மேலே மழை பெய்தால்கூட அதன் முகம் இதைவிட மாறியிருக்காது.

தியேட்டரில் டார்ச் பிடிப்பது தேவாங்கு. கரடி நேராக அதனிடம் போய் மயிலைப் பற்றிப் புகார் சொன்னது. தேவாங்கு பெரிய கண்களை மெதுவாக ஒருமுறை மூடித் திறந்தது. அதற்குள் தியேட்டர் காலியாகிவிட்டது.

"போன் பேசினது மயிலுன்னு கண்ணால பாத்தீங்களா பெரியவரே?"

"பாத்தேன்."

"வெளிச்சம் வந்தப்ப கண்ணு திறந்திருந்துச்சா?"

"மூடிட்டேன். கூசுதுல்ல?"

"மூடின கண்ணால பாத்தத எழுதிக்க ஃபாரத்துல இடமில்லீங்க. நாளைக்கு வாங்க. நானே கையும் களவுமா பிடிக்கிறேன். நமக்குன்னு ஒரு முறை இருக்கு."

அந்த முறை இதுதான். இருட்டில் போன் சத்தம் கேட்டால் தேவாங்கு திரைக்குக் கீழே நின்று, கூட்டத்தின் மேல் டார்ச் அடிக்கும். காட்டு மிருகங்களின் கண்கள் வெளிச்சம் பட்டால் மின்னும். மின்னுகிற கண் படம் பார்க்கிற கண். மின்னாத கண், மடியில் போனைப் பார்க்கிற கண். அதைப் பிடித்து வெளியே அனுப்ப வேண்டியது. இந்த முறையில் இதுவரை ஒரு தவறும் நடந்ததில்லை என்று தேவாங்கு சொல்லும். தவறு நடந்ததாகச் சொன்னவர்கள் எல்லோரும் வெளியே அனுப்பப்பட்டவர்கள்.

மறுநாள் அதே ஆட்டம், அதே இருக்கை. கீரி மீசையைத் தடவியது. "தேனடையை எடுத்தது வேற யாரும் இல்ல..." மயிலின் போன் அடித்தது. "அலோ! இன்னும் விடலையா மழை?" என்று மயில் குரல் குகையில் எதிரொலித்தது. பேச்சு மும்முரத்தில் தோகையும் விரிந்துகொண்டது. தேவாங்கு டார்ச்சை அடித்தது.

இருநூறு ஜோடிக் கண்கள் பச்சையாக மின்னின. முன்னும் பின்னுமாக இரண்டு ஜோடி மட்டும் மின்னவில்லை.

"ஜி பன்னிரண்டு. எந்திரிங்க."

"நான் கண்ணை மூடியிருந்தேன்யா! பேசுறது அந்த மயிலு! இன்னும் பேசிட்டே இருக்கு பாரு!"

தேவாங்கு மயிலின் மேல் டார்ச்சைத் திருப்பியது. விரிந்த தோகையில் நூற்றைம்பது கண்களும் பளபளவென்று மின்னின.

"அவருக்கு நூத்தம்பது கண்ணு. நூத்தம்பதும் மின்னுது. தலையில ரெண்டு குறைஞ்சா அதப் பெருசா எடுத்துக்கலாமா? உங்களுக்கு இருக்கிறதே ரெண்டு, ரெண்டுமே மின்னல. வாங்க போகலாம்."

வெளியே கொண்டுவந்து, 'இருட்டில் போன் எடுத்தோர்' பட்டியலில் கரடியின் பெயரை ஏற்றினார்கள். பட்டியலில் ஏறியவர்கள் மறுபடி உள்ளே வர வேண்டுமானால், தங்கள் போனை வாசலில் ஒப்படைத்து டோக்கன் வாங்க வேண்டும்.

"என்கிட்ட போனே இல்லையே," என்றது கரடி.

"இல்லாத போனையா உள்ள எடுத்தீங்க?"

"எடுக்கவே இல்லைங்கிறேன்!"

"எடுக்கலேன்னா பட்டியல்ல பேரு வராதே. பேரு இருக்கு. போனைக் கொண்டாந்து ஒப்படைங்க, உள்ள போங்க."

கரடி மூன்று நாள் யோசித்தது. பிறகு எருமையிடம் போய் நின்றது. முடிவைச் சொல்லாத குற்றத்துக்குப் பரிகாரமாக, சேற்றில் ஊறிய தன் பழைய போனை எருமை கொடுத்தது.

"இத எப்படிய்யா அணைக்கிறது?"

"அது எதுக்கு மாமா? ஒப்படைக்கத்தான சொன்னாங்க?"

சரிதான் என்று கரடி அதை ஒப்படைத்து, டோக்கனை இடுப்பு முடியில் செருகிக்கொண்டு உள்ளே போனது. அன்றுதான் அந்தப் படத்துக்குக் கடைசி நாள். இந்தத் தடவை என்ன ஆனாலும் கண்ணை மூடுவதில்லை என்று முடிவு செய்து, இமைகளைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டது. முன்னால் மயில் இருந்தது. ஆச்சரியம், அதன் கையில் போன் இல்லை.

இடைவேளை முடிந்து சிறிது நேரத்தில், தூரத்தில் எங்கோ ஒரு போன் அடிக்கும் சத்தம் கேட்டது. நிற்கும், மறுபடி அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அது நெருங்கி வந்தது.

"எவன்யா அது, நாகரிகம் தெரியாதவன்?" என்று கரடி உரக்கச் சொன்னது. பலர் ஆமோதித்தார்கள்.

திரையில் ஆலமரம் வந்தது. கீரி மீசையைத் தடவியது. "தேனடையை எடுத்தது வேற யாரும் இல்ல..."

"ஜி பன்னிரண்டு," என்றது தேவாங்கு, காதருகில். "இடைவேளையிலேர்ந்து உங்க போன் அடிக்குது. அவசரமோ என்னமோன்னு எடுத்துட்டு ஓடியாறேன்." சொல்லிக்கொண்டே, பளிச்சென்று ஒளிர்கிற போனைக் கரடியின் முகத்துக்கு நேராக நீட்டியது.

போனில் எருமையின் குரல் குகை முழுக்கக் கேட்டது. "மாமா! அந்த இடம் வந்துருச்சா? பாத்தீங்களா? என்னா திருப்பம், இல்ல?"

கரடி திக்குமுக்காடிக் கண்ணை மூடிக்கொண்டது. குகையே "உஷ்!" என்று திரும்பியது. மயிலும் திரும்பியது.

"வயசானவரு இப்படிப் பண்ணலாமா? இருட்டுல போன் எடுக்கக் கூடாதுன்னு தெரியாது?"

திரையில் வணக்கம் விழுந்தது. அடுத்த நாள் படத்தை எடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் பொறுத்து, ஓடைக்கரையில் கரடி மயிலை மடக்கியது.

"நடந்தது போகட்டும். என் இருட்டைக் கெடுத்தவன் நீ. யாரு திருடன்னு மட்டும் சொல்லிடு, கணக்குத் தீர்ந்துது."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றது மயில். "நான் போன்ல பேசிட்டிருந்தேன். ரெண்டு தடவையும் அந்த நேரம் பாத்து யாராச்சும் கூப்பிட்டுடறாங்க. இதுக்காகவே கடைசி நாள் போனை வீட்டுலயே வச்சிட்டு வந்தேன். அன்னிக்கு நீங்க கெடுத்தீங்க. நியாயமா பாத்தா நீங்கதான் எனக்கு முடிவு சொல்லணும்."

"ஆரம்பிச்சது யாரு?" என்றது கரடி.

மயில் தோகையை விரித்துக்கொண்டு போய்விட்டது. நூற்றைம்பது கண்களில் ஒன்றுகூடத் தாழவில்லை. அணில் இன்னும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருக்கிறது.

நீதி: தியேட்டருக்குள் போகுமுன் போனை அணைத்துவிடுங்கள். போன் இல்லாதவர்கள் யாரிடமாவது இரவல் வாங்கி வந்தாவது அணைத்துவிடுங்கள். தேனடையை எடுத்தது யார் என்று தெரிந்தவர்கள் கரடிக்குச் சொல்லி அனுப்பலாம். மயில் மூலமாக வேண்டாம்.