ஆடு எண்ணும்போது கேட்ட கேள்வி

என் அன்பு எஸ்தர் அக்காவுக்கு, மலையடிவாரத்திலிருந்து தங்கை டைனா எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் தொண்ணூற்றேழு ஆடுகளும் சௌக்கியம். லிவர்பூலில் நீயும் அத்தானும், இருபது வருஷமாக உன்னோடு குடித்தனம் நடத்தும் முழங்கால் வலியும் சௌக்கியம்தானே. இங்கே மழை. நீ பிறந்த ஊர், உனக்குத் தெரியாததா.

குளிர்காலத்தில் சரிந்த கல்சுவரைக் கட்ட வேல்ஸிலிருந்து இத்வல் என்று ஒருவர் வந்திருக்கிறார், மனைவியை இழந்தவர். முதல் நாள் நான் பட்டி வாசலில் நின்று யான், டியான், டெதரா, மெதரா, பிம்ப் என்று அப்பா சொல்லிக்கொடுத்த பழைய இடையர் கணக்கில் ஆடு எண்ணியதைக் கேட்டவர் கையிலிருந்த கல்லைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். "என்னங்க, பிம்ப்னா எங்க ஊர்லயும் அஞ்சுதான். எங்கம்மா எண்ணுற மாதிரியே இருக்கு" என்றார். "இது எங்கப்பா சொத்துங்க. யாரு யாருகிட்ட திருடினதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க" என்றேன். இங்கிலாந்துக்கு ஆங்கிலம் வருவதற்கு முன்னால் இந்த மலையெல்லாம் அவருடைய வேல்ஸ் ஆட்களின் பேச்சுதானாம். "மனுசங்க எல்லாரும் மாறிட்டாங்க, ஆட்டுக்கு மட்டும் யாரும் இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கலை போல" என்றார். அன்றிலிருந்து நான் எண்ணினால் அப்பா குரல்தான் கேட்கிறது, அக்கா. இந்தக் கணக்கில் இருபதுக்கு மேல் எண் கிடையாது, ஒவ்வொரு இருபதுக்கும் ஒரு விரலை மடக்கிவிட்டு மறுபடி யானிலிருந்து தொடங்குவார். நடுவில் எண்ணுகிறவரிடம் யாரும் பேசக்கூடாது என்பாரே, நீ ஓடையில் விழுந்து நான் கத்தியபோதும் இருபதை முடித்து, விரலை மடக்கிவிட்டுத்தானே ஓடிவந்தார். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை, நீயோ சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "கணக்கு தப்பலையேப்பா?" என்று கேட்டாய்.

இந்தச் செவ்வாய்க்கிழமை, ஆடுகள் வாசலில் முட்டிக்கொண்டு வரும்போது, இத்வல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, "வெள்ளிக்கிழமையோட வேலை முடியுதுங்க. நான் போகணுமா, இல்ல உங்களைக் கட்டிக்கிட்டு இங்கயே இருந்துடட்டுமா?" என்று கேட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து இருபது முடிந்தது. நான் வழக்கம்போலக் கையைத் தூக்கி ஒரு விரலை மடக்கினேன். அவர் அதைப் போதும் நிறுத்து என்று எடுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் கூப்பிட முடியுமா, இன்னும் எழுபத்தேழு ஆடு பாக்கி. கடைசியில் ஆடு ஒன்றும் குறையவில்லை, ஆள்தான் ஒருவர் குறைந்தார். மூன்று நாளாகச் சுவரின் அந்தக் கோடியிலேயே வேலை செய்கிறார், கொண்டுபோய் வைத்த தேநீர் ஆறிக் கிடக்கிறது.

நானாகப் போய்ச் சொல்வதா? ஐம்பத்துநாலு வயசில், சேற்றுப் பூட்ஸோடு? என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் தனியாக இருந்து பழகிவிட்டேன். நாளைக் காலை அவர் பஸ் ஏறட்டும், நான் கதவைச் சாத்திக்கொண்டு வெண்ணெய் கடைகிறேன். இதுதான் முடிவு. அத்தானிடம் சொல்லிச் சிரிக்காதே.

உங்கள் இருவர் அடுப்பும் அணையாமல் இருக்க ஆண்டவரை வேண்டும்,
தங்கை டைனா

பி.கு.: மேலே எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள், வேறு காகிதம் இல்லை. இதைத் தபாலில் போடத்தான் பஸ் நிற்குமிடத்துக்குப் போனேன், வேறெதற்கும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "அன்னிக்கு இருபதுக்குத்தாங்க விரல் மடக்கினேன், உங்களை விரட்டலை" என்றேன். பஸ் நகர்ந்த பிறகு குதித்தார். பெட்டி குதிக்கவில்லை, அது வேல்ஸுக்குப் போய்விட்டது. அத்தானின் பழைய சட்டை இரண்டு உடனே அனுப்பு. தோள் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும்.