மணிக்கட்டு எலும்பும் பின்கட்டுத் தண்ணீரும்

அன்புள்ள என்று எழுத மனம் வராததால், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் தம்பிக்கு அண்ணன் இடது கையால் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலமில்லை. அங்கு நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலம் என்பது சுவர் வழியாகவே கேட்கிறது. பத்தடி தூரத்துக்குத் தபால்தலை எதற்கு என்பாய். நேரில் கூப்பிட்டால் பேச்சு வளரும், அதற்குத்தான்.

பாகம் பிரித்த அன்று அப்பாவின் இரும்பு பீரோவை நாம் இருவரும் மாடிப்படியில் இறக்கினோமே, பாதிப் படியில் உன் செல்போன் அடித்ததும் "ஒரு நிமிஷம்ணே" என்று கையை விட்டாயே, அந்த ஒரு நிமிஷம் எனக்கு மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டில் முந்திரிப்பருப்பு அளவு ஒரு எலும்பாம். மாவுக்கட்டைப் பிரித்துப் பார்த்தால் நேற்று உடைந்தது போலவே இருக்கிறது. முப்பது வருஷம் கத்தரிக்கோல் பிடித்த கைக்கு இப்போது சட்டைப் பொத்தான் போட வரவில்லை. கடையில் என் மேசைக்குப் புது கட்டிங் மாஸ்டர் வந்துவிட்டான். அவன் வெட்டிய பேண்ட்டைப் பார்த்தேன், ஒரு கால் ஊருக்குக் கிளம்புகிறது, இன்னொரு கால் வரமாட்டேன் என்கிறது.

எலும்பு டாக்டரிடம், "ஏன் சார் சேரல? நான் கையை அசைக்கவே இல்லையே" என்றேன். "எலும்பு சும்மா ஒட்டாதுங்க. உடைஞ்ச இடத்துக்குப் புதுசா ரத்தக்குழாய் முளைச்சு வரணும். அது வந்தாத்தான் எலும்பு கட்டுற சரக்கு வரும். இந்த எலும்புல ரத்தம் விரல் பக்கமாப் போய், அங்கிருந்து திரும்பித்தான் பின்பாதிக்கு வரும். நடுவுல உடைஞ்சதால பின்பாதி செத்துக்கிட்டு இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், இது எலும்பு இல்ல, எங்க வீடு" என்றேன். தெருக்குழாய்த் தண்ணீர் முதலில் உன் முன்கட்டுக்குப் போய், உன் தொட்டி நிரம்பி, உன் செடி குளித்து, மனசு வந்தால் என் பின்கட்டுக்குத் திரும்பும். இது அவருக்கு எங்கே புரியும்.

இப்போது ஆபரேஷனாம். பக்கத்து எலும்பிலிருந்து ஒரு துண்டை, அதன் ரத்தக்குழாயை அறுக்காமல் அப்படியே திருப்பி வைத்துச் செத்த பாதிக்கு உயிர் கொடுப்பார்களாம். பக்கத்து எலும்புக்கு இருக்கிற மனசு கூடப் பிறந்தவனுக்கு இல்லையே என்று அங்கேயே அழுதேன். நர்ஸம்மா வலி என்று நினைத்து ஊசி போட்டுவிட்டார்.

மூன்று மாதமாக உன் பக்கம் சொட்டுத் தண்ணீர் இல்லை, உன் மனைவி தெருமுனையிலிருந்து குடம் சுமக்கிறாள், பிளம்பர் மூன்று முறை வந்து தலையைச் சொறிந்துவிட்டுப் போனான் என்றெல்லாம் கேள்விப்பட்டேன். என் பக்கம் நன்றாக வருகிறது. மேலே இருப்பவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். நீ கொடுத்தனுப்பிய சாப்பாட்டை இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை பாத்திரத்தை மட்டும் திருப்பி அனுப்பியதை நீ தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பசி.

ஆபரேஷன் தாளில் நெருங்கிய உறவினர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளாதவனுக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள். "யாரும் இல்லைன்னு எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அந்தக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வர வேண்டாம்.

உன் மனைவிக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். உனக்கு எதுவும் மிச்சமில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: பீரோவில் என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மத்தியானம் நீங்கள் மூவரும் வெளியே போயிருந்தபோது சுவர் ஏறி உன் பக்கம் இறங்கினேன். துவைக்கிற கல்லுக்கு அடியில் அப்பா வைத்த பழைய வால்வு ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரியாது. உன் தொட்டிக்குப் போகிற வால்வு அது. அதை இறுக மூடிவிட்டுத் திரும்ப ஏறி என் பக்கம் இறங்கும்போது வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். உடைந்த கையோடு மறுபடி ஏறித் திறக்க முடியவில்லை. வாயைத் திறந்து சொல்லவும் முடியவில்லை. கல்லை நகர்த்தி இடப்பக்கமாகச் சுற்று. முழுக்கத் திறந்துவிடாதே, பாதியில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் வரும். ஆபரேஷன் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு. ஏழரை வரைக்கும் அந்தக் கட்டத்தில் எதுவும் எழுத வேண்டாம் என்று இன்று ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.