பார்சல் அண்ணை பிடித்துத் தந்த மலையூர் வீடு

தொண்ணூறுகளில் ரொறன்ரோவிலிருந்து எந்தத் தமிழர் விமானம் ஏறினாலும் அவருடைய பெட்டிக்குள் பார்சல் அண்ணை தைத்துக் கொடுத்த பொதி ஒன்று இருந்தே தீரும். இல்லாவிட்டால் அந்த விமானம் கிளம்பாது என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம்.

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், ஒரு தொடர்மாடியின் பதினேழாம் மாடியில் அவர் தனியாக இருந்தார். ஒரு ஹோட்டலில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. அங்கே கழித்துவிடும் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் கேட்டு வாங்கி வந்து, பொதிகளை அவற்றில் சுற்றி, சாக்கு ஊசியால் நாலு பக்கமும் தைப்பார். பெயர் எழுதமாட்டார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு நிற நூல். "பேர் எழுதினால் அது தபால். ஆளை ஞாபகம் வச்சுக் குடுத்தால்தான் பார்சல்" என்பது அவர் சட்டம்.

தூரப் பயணம் என்றில்லை. ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவரின் கையில், அடுத்த வார்டில் படுத்திருந்தவருக்குப் பொதி கொடுத்துவிட்ட மனிதர் அவர். மயக்க மருந்து கொடுப்பதற்கு முதல் அதைச் சேர்ப்பித்துவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

நகருக்கு வெளியே பிறம்ரனுக்கு வீடு மாறிய ஒருவர், "அங்கை எனக்கு ஒருத்தரையும் தெரியாது அண்ணை, காரும் இல்லை" என்று அழாக்குறையாக நின்றபோது, பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாப் பொதி ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்.

"இது ஆருக்கு அண்ணை?"

"அங்கை முதல் காணுற தமிழ் ஆளுக்கு."

அப்படியே நடந்தது. பொதி வாங்கியவர் ஒரு வருடம் முழுக்க அவரைத் தன் காரில் வேர்ஹவுஸ் வேலைக்கு ஏற்றிப் போனார். "கையில பொதியோட வாசலுக்கு வாறவன் பிறத்தி ஆள் இல்லை. வீட்டு ஆள்" என்று பார்சல் அண்ணை அதற்கு விளக்கம் சொன்னார். நாங்கள் சிரித்தோம். நான்தான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தேன்.

பிறகு எனக்கும் முறை வந்தது. என் தம்பி இத்தாலியில் ஒரு மலை உச்சிக் கிராமத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். ஒலிவ் எண்ணெய் ஆலையில் வேலை, ஆலைக் களஞ்சிய அறையில் படுக்கை, கையில் வதிவிடப் பேப்பர் கிடையாது. அவன் வர முடியாது, நான்தான் போக வேண்டும். நான் அவனைப் பார்த்து எட்டு வருடம். தொழிற்சாலையில் கெஞ்சிக் கூத்தாடி லீவு எடுத்தேன். ஆனால் போனில் அவன் சொன்னான்:

"அக்கா, இங்கை ஹோட்டல் ஒண்டும் இல்லை. முதலாளி ஆக்களை விடான். கீழ ரவுணில நிண்டாத்தான் உண்டு. பஸ்ஸில ரெண்டு மணித்தியாலம். ஒரு நாளைக்கு ஒரு பஸ்தான். வந்து ஒரு மணித்தியாலத்தில திரும்பிடும்."

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆறு நாளில் அவன் முகத்தை ஆறு மணித்தியாலம்தான் பார்க்கலாம். அதற்காகவா கடல் கடந்து போவது? மனம் வெறுத்துப்போய்ப் பதினேழாம் மாடிக்குப் போய்ச் சொன்னேன்.

"ஊரின்ர பேரைச் சொல்லும்" என்றார் பார்சல் அண்ணை.

அடுத்த நாள் சென் கிளெயர் பக்கம் இத்தாலிக்காரரின் கடைத்தெருவில் இறங்கிவிட்டார். அந்த ஊர்க்காரரைத் தேடி மூன்று சலூன்களில் தலைமயிர் வெட்டினார். அவர் தலையில் இருந்தது ஒரு சலூனுக்கே காணாது. மூன்றாம் கடையில் செய்தி கிடைத்தது. அந்த ஊருக்கு இங்கே ஊர்ச்சங்கம் இருக்கிறதாம்!

"அவங்களும் எங்கட ஆக்கள் மாதிரித்தான் பிள்ளை. ஒரு ஊருக்கு ரெண்டு சங்கம். ஒண்டோட ஒண்டு கதைக்காது."

இரண்டு சங்கத்திலும் போய்ச் சீட்டு விளையாடினார். அவருக்கு இத்தாலி மொழி தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. சண்டை மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. நாலாவது ஞாயிறும் தோற்றுவிட்டு வந்து, "சரி வந்திட்டுது. நாலு கிழமை தோத்தவனுக்கு எப்பிடி இல்லை எண்டு சொல்லுறது?" என்றார். பியேத்ரோ என்ற கிழவரின் தங்கை, அசுந்தா, அந்த ஊரில் தனியாகப் பெரிய வீட்டில் இருக்கிறாளாம். கிழவர் கடிதம் எழுதிப் போட்டாயிற்று. கூடவே ஒரு பொதியும் கொடுத்திருக்கிறார்: கம்பளிக் காலுறை, மேப்பிள் பாகு, ஒரு படம்.

பார்சல் அண்ணை அதையும் வெள்ளைத் துணியில் தைத்தார். தம்பிக்கென்று தானே கருவாடும் மிளகாய்த்தூளும் வைத்து இன்னொன்று தைத்தார். இரண்டும் ஒரே அளவு.

"சிவப்பு நூல் அந்த மனிசிக்கு. கறுப்பு நூல் தம்பிக்கு. எங்கை, சொல்லும் பாப்பம்?"

ஐந்து தரம் சொல்ல வைத்தார். விமானம் மேலே ஏறியதும் எனக்கு மறந்துவிட்டது.

பஸ் நின்ற இடத்தில் தம்பி நின்றான். முன் மயிர் கொட்டிப்போயிருந்தது. நான் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "எங்கை அக்கா தங்கப் போறாய்?" என்றான். பெயரைச் சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது.

"ஐயோ, அந்தக் கிழவியோ? கோழி வாசலைத் தாண்டினாலே தடி எடுக்கிறவள்!"

நூற்றுச் சொச்சம் கற்படி ஏறிக் கதவைத் தட்டினோம். கறுப்பு உடுப்பில் ஒரு கிழவி வந்தாள். கடிதமா? ஒரு கடிதமும் வரவில்லை. அண்ணனா? அவன் நாற்பது வருடத்துக்கு முதல் போனவன், என்னை மறந்துவிட்டான். இவ்வளவையும் தம்பி எனக்கு மொழிபெயர்த்து முடிக்க முன்னமே கதவு பாதி சாத்தியாயிற்று.

கீழே போகும் பஸ் போய்விட்டது. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. கையில் அகப்பட்ட பொதியைக் கதவிடுக்கில் நீட்டினேன்.

கிழவி நின்றாள். தையலைத் தடவினாள். உள்ளே போய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்து வாசலிலேயே வெட்டினாள். முதலில் மிளகாய்த்தூள் நெடி கிளம்பியது. நாலு தும்மல் தும்மினாள். பிறகு கருவாடு வெளியே வந்தது.

நான் கொடுத்தது கறுப்பு நூல் பொதி. தம்பி, "கருவாடு எனக்கு வந்ததெல்லோ?" என்று முனகினான்.

கிழவி கருவாட்டை மூக்கருகே கொண்டுபோனாள். திரும்பவும் முகர்ந்தாள். அப்படியே வாசற்படியில் குந்தி அழத் தொடங்கினாள்.

"என்னடா சொல்லுறா?"

"சின்னனில ரெண்டு பேருமாக் காய்ஞ்ச மீன் களவெடுத்துத் திண்டவையாம். அண்ணன் நாப்பது வருசமா அதை மறக்கேல்லையாம்."

"ஐயோ, அது பார்சல் அண்ணையின்ர..."

"அக்கா, சும்மா இரணை!"

சும்மா இருந்தேன். மற்றப் பொதியையும் கொடுத்தேன். படத்தில் அண்ணனைக் கண்டதும் கிழவி என்னைக் கட்டிப்பிடித்தாள். எத்தனை நாள் என்று கேட்டாள். ஆறு என்று விரல் காட்டினேன். பிறகு தம்பியைக் காட்டி, இவன் யார் என்றாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். கிழவி அவன் காதைப் பிடித்து உள்ளே இழுத்து, அக்கா இங்கே இருக்க நீ ஆலையில் படுப்பதா என்று ஏசித் தீர்த்தாள். மேல்மாடி அறையில் இரண்டு கட்டில். ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு.

கருவாட்டைத் தக்காளியோடு சமைத்தாள். என் பேச்சைக் கேட்காமல் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டாள். மூன்று பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டோம். தம்பியின் குறட்டையை எட்டு வருடத்துக்குப் பிறகு கேட்டேன். சின்ன வயதில் அதற்காக அவனைக் கிள்ளியிருக்கிறேன். இந்த முறை கிள்ளவில்லை.

திரும்பி வந்து பார்சல் அண்ணையிடம் உண்மையைச் சொன்னேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

"மாறிக் குடுத்தனீரோ! அஞ்சு தரம் சொல்ல வச்சனான்! இவ்வளவு காலத்தில ஒரு பொதி மாறினதில்லை!"

திட்டி ஓய்ந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி எங்கை படுத்தவன்?"

"பக்கத்துக் கட்டிலில அண்ணை. ஆறு நாளும்."

"அது காணும், வேறென்ன வேணும்" என்று சொல்லிவிட்டு, யாரோ லண்டனுக்குக் கொண்டுபோக வேண்டிய பொதியைத் தைக்கத் தொடங்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு அர்ச்சனை செய்ய றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போனேன். அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை செய்த மனிதரிடம் பெயரைக் கேட்கவில்லையே!

"பேர் தெரியாது ஐயா. எங்கட பார்சல் அண்ணைக்கு."

ஐயர் ஆச்சரியப்படவே இல்லை.

"இந்த மாசம் அவருக்கு நீங்கள் நாலாவது ஆள். ஒருத்தருக்கும் பேர் தெரியாது. நான் சுவாமி பேருக்கே செய்துவிடுறனான், சரியோ?"

"ஓம் ஐயா, சரி" என்றேன். எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.