சாவி உள்ளேயே இருக்குதுங்க

நான் ஒரு கம்ப்யூட்டர் கேமைக் காசு கொடுத்து வாங்கியவன். இதை வெளியில் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அந்த வருடங்களில் திருப்பூரில் ஒருவன் கேம் சிடியைக் கடையில் பில் போட்டு வாங்கினேன் என்று சொன்னால், கேட்பவர் முதலில் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். காங்கயம் ரோட்டில் என் நண்பன் மணிவேல் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். எந்த கேம் கேட்டாலும் பத்து நிமிடத்தில் காப்பி போட்டு, மேலே ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிக் கொடுத்துவிடுவான். (பெயரில் உள்ள எழுத்துப்பிழைகள் மட்டும் அவனுடைய சொந்தச் சரக்கு.)

எனக்குக் கொள்கை இருந்தது. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, படிப்புக்கேற்ற வேலை எங்கும் கிடைக்காத ஒருவனிடம் வேறு என்ன இருக்கும்? தினமும் சாயங்காலம் மணிவேலின் கடையில் உட்கார்ந்து, அவன் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, அவன் தொழில் திருட்டு என்று அவனுக்கே விளக்குவேன். கேம் செய்பவர்கள் சிடிக்குள் வைக்கும் பூட்டைப் பற்றித்தான் எங்கள் சண்டை. நகல் எடுக்க முடியாமல் தடுக்கும் அந்தக் காவல் மென்பொருள் நியாயமானது என்பது என் கட்சி. நம் ஊரில் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் லேபிளை எண்ணித்தானே அனுப்புகிறான், கிழிந்த லேபிளைக் கூடத் திருப்பிக் கேட்கிறானே, அதைத் தப்பென்று யாராவது சொல்கிறோமா என்று கேட்டேன். அந்த உதாரணத்தைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இரவுச் சோறு கூட ருசியாக இருந்தது.

மணிவேல் படித்தது பத்தாவது வரைதான். ஆனால் பதில் சொன்னான்.

"லேபிளு சட்டையில சும்மா கெடக்குது. நீ சட்டையப் போடறதுக்கு முந்தி உன்ற ஊட்டு பீரோவத் தொறந்து பாக்குதா? இந்தப் பூட்டு பாக்குதப்பா. அதுவும் காசு குடுத்து வாங்குனவன் பீரோவத்தான் பாக்குது. எங்கிட்ட வாங்குனவன் நிம்மதியா வெளையாடறான்."

நான் சிரித்தேன். யோக்கியனுக்கு பீரோவைத் திறந்து காட்டுவதில் என்ன பயம் என்று கேட்டேன். பக்கத்து நாற்காலியில் ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தலையாட்டினார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இப்போது யோசித்தால் அவருக்கு டிக்கெட் கிடைத்திருக்கும் என்று தோன்றுகிறது.

நான் வேலை பார்த்தது நல்லூரில், என் தாய்மாமன் சின்னச்சாமியின் தையல் யூனிட்டில். இருபது மெஷின். அதுவரை பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுத்த துணியைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்தான். மாமாவுக்கு ஒரே ஆசை, தன் யூனிட் பெயரில் ஒரு பெட்டியாவது நேராகக் கப்பல் ஏற வேண்டும் என்பது. பதினோரு வருடம் அதற்காக அலைந்து, கடைசியில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக இங்கே துணி வாங்கும் பெங்களூர் பையிங் ஆபீஸ் ஒன்றின் மூலம் குழந்தைகளுக்கான தொப்பி வைத்த டி-ஷர்ட்டுக்கு சாம்பிள் கேட்டிருந்தார்கள். ஐந்து சைஸ். புதன்கிழமை காலை பதினொன்றுக்கு அந்த ஆபீஸ் மேடம் நேரில் வந்து அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் ஆர்டர்.

அந்த ஆர்டரை நம்பித்தான் மாமா பேட்டர்ன் போடும் மென்பொருளும், பேட்டர்னை நீளக் காகிதத்தில் வரைந்து தள்ளும் பழைய பிளாட்டரும் வாங்கியிருந்தார். இந்த மென்பொருளுக்கு ஒரு சாவி உண்டு. கதவுச் சாவி அல்ல, கம்ப்யூட்டரின் முதுகில் செருகி வைக்கும் விரல் நீளப் பொருள். அது இருந்தால்தான் மென்பொருள் திறக்கும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கோயமுத்தூரிலிருந்து வந்து மென்பொருளைப் போட்டுக் கொடுத்த ஆள் மாமாவிடம் சொன்னது இதுதான்: "சாவிய வெளிய மாட்டுனா எவனாச்சும் புடுங்கிட்டுப் போயிருவானுங்க. அதனால உள்ளேயே வெச்சுட்டேனுங்க."

மாமாவுக்கு அந்த ஆளின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. சாவியே உள்ளே இருக்கும்போது பெட்டியைப் பாதுகாக்க வேண்டுமல்லவா? ஆசாரியை வரவழைத்து, காற்றுப் போக ஓட்டை வைத்து, சிபியூவுக்கு ஒரு மரப்பெட்டி அடித்தார். முன்பக்கம் சிடி போடும் இடத்துக்கும் சுவிட்சுக்கும் மட்டும் திறப்பு. பின்பக்கம் திண்டுக்கல் பூட்டு. அந்தப் பூட்டின் சாவி மாமாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. பி.எஸ்ஸி. படித்த நான் இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்து, நல்ல ஐடியாங்க மாமா என்று சொன்னேன்.

பேட்டர்ன் மாஸ்டர் ஜேசுராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முப்பது வருடம் அட்டையில் பேட்டர்ன் வெட்டியவர். மாமாவுக்காகக் கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டு, ஒரு வாரம் கண் எரிய உட்கார்ந்து, ஐந்து சைஸையும் அதற்குள் ஏற்றியிருந்தார். எதற்கும் அட்டையிலும் ஒன்று வெட்டி வைத்துவிடுவோம் என்று கேட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் வந்த பிறகு அட்டை எதற்கு, மேடம் பார்த்தால் என்ன நினைப்பார் என்று மாமா தடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் மாஸ்டர் கழுத்துப் பட்டிக்கான ரிப் துணி வாங்கச் சாயப்பட்டறைக்குப் போனார். அவர் வந்ததும் பிளாட்டரில் வரைந்து, துணி வெட்டி, தைக்க வேண்டியதுதான். மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். என் பையில் முந்தின நாள் கோயமுத்தூரில் வாங்கிய கார் ரேஸ் கேம் இருந்தது. அட்டைப் பெட்டி, மேலே பளபளக்கும் ஸ்டிக்கர், உள்ளே சிவப்புக் கார் படம் போட்ட சிடி. யூனிட்டிலேயே, ஏன் நல்லூரிலேயே, அதை ஓட்டக் கூடிய கம்ப்யூட்டர் அது ஒன்றுதான்.

சிடியைப் போட்டேன். கேம் திறக்கவில்லை. இந்தக் கம்ப்யூட்டரில் சாவி போல் நடிக்கும் போலி மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதை நீக்கினால்தான் விளையாட முடியும் என்று ஆங்கிலத்தில் எழுதி வந்தது. நியாயமாக அங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை. பூட்டு தன் வேலையைச் செய்கிறது, திருடனைக் கண்டுபிடித்துவிட்டது, மணிவேல் பார்க்க வேண்டும் இதை என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் நிஜமாகவே ஒரு மூலையில், பெயரே சரியில்லாத ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. வைரஸ் என்று முடிவு செய்து அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். (சுத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.) கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் கேம் திறந்தது. இருபத்தைந்து நிமிடம் கார் ஓட்டினேன். என் வாழ்க்கையில் கடைசியாகக் கவலை இல்லாமல் இருந்த இருபத்தைந்து நிமிடங்கள் அவை.

மாஸ்டர் வந்து மென்பொருளைத் திறந்தார். சாவியைக் காணவில்லை என்று திரையில் வந்தது. மறுபடி திறந்தார். மறுபடி அதே வரி.

"தம்பி, சாவியக் காணும்னுல்லா சொல்லுது" என்றார்.

அதற்குள் மாமா வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். அரைஞாணிலிருந்து சாவியை எடுத்து, மரப்பெட்டியின் பூட்டைத் திறந்து, "சாவி இங்கதானுங்க மாஸ்டர் இருக்குது, இதுக்கா இத்தன பயம்" என்றார். பிறகு திரையைப் பார்த்தார். சாவியைக் காணவில்லை என்றுதான் இருந்தது. பூட்டிப் பார்த்தார், திறந்து பார்த்தார். மூன்றாம் தடவை சாவியைத் திரைக்கு நேராகக் காட்டினார். நான் அழித்தது எது என்று அப்போதுதான் மெல்லப் புரிந்தது. அந்தக் கோயமுத்தூர் ஆள் உள்ளே வைத்தது சாவியை அல்ல, சாவி இருப்பதாக மென்பொருளை நம்ப வைக்கும் பொய்யை. அசல் கேமின் பூட்டு அந்தப் பொய்யைக் காட்டிக் கொடுத்தது. நான் அதைக் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பி வைத்தேன்.

அந்த ஆளின் நம்பர் உபயோகத்தில் இல்லை. நான் கூப்பிட்டதும் மணிவேல் சிடி பையோடு ஓடி வந்தான். என்னைத் திட்டவும் இல்லை, கேலி பண்ணவும் இல்லை. அது வேறு யாருடைய சாவியிலிருந்தோ எடுத்த நகல், அந்த ஃபைல் போனால் போனதுதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். விவாதத்தில் தோற்றதை விட அவன் அன்று காட்டிய இரக்கம்தான் என்னைக் கொன்றது.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கூட நான் ஒரு சாதாரண முட்டாளாகத் தப்பித்திருப்பேன். எனக்கு ஒரு யோசனை வந்தது. மென்பொருள் கம்பெனிக்கே போன் செய்தேன். யூனிட் பெயர், தெரு, வழி, எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் சீரியல் நம்பர் கேட்டார். படித்தேன். மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு மிகவும் மரியாதையாக, நாளைக் காலையில் எங்கள் ஆள் நேரில் வருவார் என்றார். நான் போனை வைத்துவிட்டு, கம்பெனியே ஆள் அனுப்புகிறது என்று மாமாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். மணிவேல் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் அட்டையை விரித்தார். ஐந்து சைஸுக்கு அவர் கேட்டது இரண்டு நாள். எங்களால் கொடுக்க முடிந்தது ஒரே ராத்திரி. புதன்கிழமை காலை ஆறு மணிக்குத் தையல்காரர்கள் வந்து தைத்தார்கள்.

பதினொன்றுக்கு ஒரு காரில் மேடம் வந்தார். பின்னாலேயே பைக்கில், டை கட்டிய ஒருவர். இருவரும் ஒன்றாக வாசலில் நுழையவும், மாமா டைக்காரரை மேடத்தின் உதவியாளர் என்று நினைத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இருவருக்கும் இளநீர் கொடுத்து, நேராகக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போனார். இன்று ஒரு சின்னக் கோளாறு என்றும், மற்றபடி எல்லாம் கம்பெனி சரக்கு என்றும் டைக்காரரிடமே சொன்னார்.

"சாவி உள்ளேயே இருக்குதுங்க" என்று மரப்பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

டைக்காரர் மென்பொருள் கம்பெனியின் பெயர் போட்ட தன் கார்டை நீட்டினார். மேடம் அதை எட்டிப் பார்த்தார். டைக்காரர் உட்கார்ந்து ஒவ்வொரு புரோகிராமாகப் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டே போனார். எல்லாம் நகல். விண்டோஸும் நகல். கடைசியாக சிடி டிரைவை அழுத்தினார். சிவப்புக் கார் வெளியே வந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்து, மாமாவின் கையில் கொடுத்தார்.

"இந்த ஆபீஸ்ல இது ஒண்ணுதானுங்க சார் ஒரிஜினல்."

மாமா சிடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது என்னது மாப்ள?" என்றார். சாம்பிள் சிடிங்க மாமா, கம்ப்யூட்டர் வாங்கும்போதே கூட வந்தது என்றேன். டைக்காரர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். மாமா சிடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மேடம் டேப்பை எடுத்து அளந்தார். மூன்றாம் சைஸும் நான்காம் சைஸும் ஒரே அளவில் இருந்தன. ஐந்தாம் சைஸில் தொப்பி கழுத்துக்கு வரவில்லை. மாஸ்டர் சுவரைப் பார்த்து நின்றார். தகவல் சொல்கிறோம் என்றார் மேடம். எங்கள் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று இருபது மெஷினுக்கும் தெரியும். டைக்காரர் வழக்குப் போடவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இனி நகல் போட மாட்டோம் என்று ஒரு கடிதத்தில் மட்டும் கையெழுத்து வாங்கினார். மாமா போட்டுக் கொடுத்தார். கார் போன பிறகு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாளைக்கு ஜாப் ஒர்க் துணி வருகிறதா என்று யாருக்கோ போன் செய்து கேட்டார். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றபோது வெட்கப்பட்டதைப் போல நான் வேறு எப்போதும் வெட்கப்பட்டதில்லை. அதன் பிறகு மாமா பெயரில் ஒரு பெட்டியும் கப்பல் ஏறவில்லை.

இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் சொல்லாத விசேஷம் கிடையாது. சொல்பவர் மாமாவேதான். மரப்பெட்டி, பூட்டு, சாவியைத் திரைக்குக் காட்டியது, டைக்காரருக்கு இளநீர், எல்லாம் நடித்துக் காட்டுவார். தன்னை முட்டாளாக்கிக்கொண்டு, கோயமுத்தூர்க்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முடிப்பார். அத்தை புதிதாகப் பாத்திரம் வாங்கினால் கூட, இது ஒண்ணுதானுங்க ஒரிஜினல் என்று யாராவது சொல்ல, வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். மாமாவுக்கு என் பங்கு தெரியாது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

போன வருடம் என் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் மாமா கதையைச் சொல்லி முடித்து, எல்லாரும் சிரித்துக் கலைந்த பிறகு, பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். ரசம் ஊற்றுகிறவர் நகரட்டும் என்று காத்திருந்தார். பிறகு இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏன் மாப்ள, அந்தச் செவப்புக் காரு, அது ஜெயிச்சுதா?"

"இல்லீங்க மாமா" என்றேன். "மூணாவதா வந்துச்சுங்க."

"செரி" என்று தலையாட்டிவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொன்னார்.