வெப்சைட்டில் தொங்கிய பூசணிக்காய்

வாருங்கள் சாமிகளே, கிட்டத்தில் வந்து உட்காருங்கள். கையிலிருக்கும் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். ஒரு நல்ல கதை சொல்கிறேன். கதையில் வரும் முட்டாளைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். அந்த முகத்தை எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தால் மட்டும் கண்ணாடிப் பக்கம் திரும்பாதீர்கள். நானும் திரும்பவில்லை.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கட்டடம். கீழே பல் டாக்டர், மேலே வலைச்சித்தர். பல் பிடுங்க வந்தவர்களைவிட மாடிக்கு வந்தவர்கள் மூன்று மடங்கு. போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர், முட்டை ஏற்றுமதிக்காரர், பட்டுச்சேலைக்காரர் என்று வந்தவர்கள் எல்லார் மடியிலும் ஒரு லேப்டாப், காய்ச்சல் கண்ட குழந்தையைப் போல. வெப்சைட்டுக்குப் பிடித்த கண்திருஷ்டியை எடுப்பது சித்தரின் தொழில். நெற்றியில் விபூதி, காதில் ப்ளூடூத்.

"ஒரே பூசைங்க! தெனம் நானூறு பேய் மெயில் வந்துட்டிருந்துச்சு, அப்புடியே நின்னு போச்சு!" என்றார் நாமக்கல் முட்டைக்காரர். கூட்டம் கைதட்டியது. கீழே ஒருவருக்குப் பல் பிடுங்கும் சத்தமும் கேட்டது.

அந்தக் கூட்டத்தில் முப்பதாம் டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பள்ளிபாளையத்துச் சாரதாமணி. பன்னிரண்டு விசைத்தறியில் துண்டு நெய்பவள். ஐம்பது வயதுக்குமேல் யூடியூப் பார்த்துத் தானே வெப்சைட் உண்டாக்கியவள். தறிக்கூடத்து வாசலில் மாமியார் கட்டியிருந்த திருஷ்டிப் பூசணியை, "கூட்டு வெச்சிருந்தா நாலு பேரு தின்னுருக்கலாம்" என்று கழற்றி எறிந்த வீராங்கனை. தன் அறிவின்மேல் அவளுக்குத் தனி மரியாதை உண்டு.

வந்த தொல்லை இதுதான். அவள் சைட்டில் வாடிக்கையாளர் எழுதுவதற்கு ஒரு பெட்டி இருந்தது. துண்டு கேட்டு அதில் எழுதியவர்கள் தினம் மூன்று பேர். மாத்திரை, சூதாட்டம், தொப்பை குறைக்கும் தேநீர் என்று வந்து விழுந்த குப்பை முந்நூறு. குமாரபாளையத்துப் போட்டிக்காரன் கண் வைத்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். 'அதெப்படி வெக்க முடியும்?' என்று கேட்டிருக்க வேண்டிய வாய், "எந்தக் கண்ணுங்க, வலதா எடதா?" என்று கேட்டது.

சித்தர் சைட்டின் ஜாதகம் கேட்டார்: பிறந்த தேதி, நேரம், பாஸ்வேர்டு.

"பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லலாகாது அம்மா. காதில் ஓதுங்கள்."

பெற்ற மகளுக்கும் சொல்லாத பாஸ்வேர்டை, எது பெரிய எழுத்து எது சின்ன எழுத்து என்ற விளக்கத்தோடு ஓதினாள். லேப்டாப் திரைச்சீலைக்குப் பின்னால் போனது. இருபது நிமிடம் மணியோசை. திரும்பி வந்தபோது சைட்டின் முகப்பில் கோரைப்பல்லும் முறைத்த கண்ணுமாக ஒரு பூசணிக்காய்ப் படம் தொங்கியது.

"எட்டுத் திசையும் கட்டியாயிற்று. நாற்பத்தெட்டு நாள் நீங்களாக எந்த வாடிக்கையாளரையும் அழைக்கக் கூடாது. அழைத்தால் கட்டு அவிழும்."

அன்றே குப்பை நின்றது. சாரதாமணி வாய் ஓயவில்லை. அவள் பேச்சைக் கேட்டு மட்டும் ஒன்பது பேர் அந்த மாடி ஏறினார்கள்.

கார்த்திகை பிறந்தது, பாதியும் போனது. பினாங்கிலிருந்து தெய்வநாயகி அம்மாள் எழுதவில்லை. தைப்பூசத்துக்கு மஞ்சள் துண்டு வேண்டுமென்று வருடா வருடம் அந்தப் பெட்டியில்தான் எழுதுவார். பொங்கல்வரை பன்னிரண்டு தறியையும் ஓட்டுவது அந்த ஒரு ஆர்டர். அது வராவிட்டால் எட்டுத் தறி நிற்கும். அவற்றை ஓட்டுகிறவர்கள் வேறு வேலை தேட வேண்டும்.

"போனப் போட்டுக் கேட்டுரலாம்லக்கா?" என்றாள் அக்சிலியா. சேலத்திலிருந்து தினம் பஸ்ஸேறி வந்து, வாடிக்கையாளருக்குப் பதில் எழுதும் பெண்.

"இன்னும் பதினெட்டு நாள் இருக்குது அம்மிணி. கட்டு அவுந்துரும்."

"ஈரோட்டுக்காரங்க எழுதறாங்க, மதுரைக்காரங்க எழுதறாங்க. வெளிநாட்டுல இருந்து மட்டும் ஒருத்தரும் எழுதல. பூசணிக்காய்க்குப் பாஸ்போர்ட் பாக்கத் தெரியுமாக்கா?"

சாரதாமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள், சிரித்தாலும் கட்டு அவிழுமோ என்று பயம்.

அக்சிலியா சைட்டின் உள்பக்கத்தைத் திறந்து பிளகின் பட்டியலைப் பார்த்தாள். பிளகின் என்றால் வேறொன்றுமில்லை. வெறுந்தறியில் பூப்போட டாபிப் பெட்டி மாட்டுவதுபோல, சைட்டில் மாட்டும் சின்ன உதவிக்கருவி. சாரதாமணி மாட்டாத ஒன்று அங்கே இருந்தது. குப்பை எழுதுபவர்களைத் தடுப்பது அதன் வேலை. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மாட்டிய நேரம், மணியோசை கேட்ட அந்த இருபது நிமிடத்துக்குள். சித்தருக்கு அவசரம்போல, இந்தியா தவிர எல்லா நாட்டையும் சேர்த்து அடைத்திருந்தார்.

"திசைக்கட்டு இதுதாங்க்கா."

"பூசை பண்ணுனதாலதான் பிளகின் வேல செய்யுதோ என்னமோ?" என்றாள் சாரதாமணி. அறிவாளிக்குத் தன் முட்டாள்தனத்தைக் காப்பாற்றவும் அறிவு உதவும், பாருங்கள்.

"அப்ப ஒண்ணொண்ணாக் கழட்டிப் பாத்துரலாம்."

முதலில் பூசணியைக் கழற்றினார்கள். ஒரு நாள் முழுக்க ஒரு குப்பையும் இல்லை. மறுநாள் வியாழக்கிழமை, பழைய ஆட்களும் லேப்டாப்போடு மறுபூசைக்குக் கூடும் நாள். பூசணியைத் திரும்பத் தொங்கவிட்டு, பிளகினை அணைத்துவிட்டு, இருவரும் அஸ்தம்பட்டிக்குப் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்கள்.

கால் மணி நேரத்தில் சாரதாமணியின் போன் 'டிங்' என்றது. பிறகு இன்னொன்று. பிறகு விடாமல். டோக்கன் அழைப்பதற்குள் நாற்பத்தேழு. அக்சிலியா எழுந்து நின்று சத்தமாக வாசித்தாள்:

"ஏழே நாளில் தொப்பை கரைய... பூசணிக்கா அப்புடியே தொங்குதுங்க ஐயா. பிளகின மட்டுந்தான் அணைச்சோம்."

சித்தர் கண்ணை மூடினார். "தீட்டு. அம்மாவுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது."

"எனக்குங்களா?" சாரதாமணி துள்ளி எழுந்தாள். "ஒம்போது பேரு தலையில உங்களக் கட்டுனவளுங்க நானு! என்னைய விட நம்புன கிறுக்கி இந்த ஜில்லாவுலயே கெடையாது!"

"இப்பப் பூசணிய எடுத்துட்டேன், பிளகினப் போட்டுட்டேன்" என்றாள் அக்சிலியா. "எல்லாருமே ஒரு மணி நேரம் உக்காந்து பாக்கலாங்க. ஐயா மந்திரம் மட்டும் சொல்லாம இருந்தாப் போதும்."

போன் வாயை மூடிக்கொண்டது. முட்டைக்காரர் மெல்லத் தன் லேப்டாப்பைத் திறந்தார். அதே பிளகின். ரிக் வண்டிக்காரரிடமும் அதே பிளகின். பட்டுச்சேலைக்காரர் தலை நிமிர்ந்தபோது, "டீ குடிச்சுப்போட்டு வாரேனுங்க" என்று சுத்த நாட்டுத்தமிழில் சொல்லிவிட்டுச் சித்தர் பின்படி இறங்கிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தேழையும் அழித்துக்கொண்டே வந்த சாரதாமணியின் விரல் ஒன்றில் நின்றது. 'சாரதா, மூணு வாரமா உன் சைட் தொறக்கவே மாட்டேங்குது. இன்னிக்குத்தான் தொறந்துச்சு. நாளைக்குள்ள பதில் இல்லன்னா வேற எடத்துல சொல்லிருவேன். தெய்வநாயகி.'

படிக்கட்டிலேயே நின்று பினாங்குக்குப் போன் போட்டாள்.

"என்ன சாரதா, தொழில விட்டுட்டியோன்னு நெனச்சேன். என்னாச்சு?"

"ஒரு பூசணிக்கா மறைச்சுருச்சுங்கம்மா. சைட்டுல இல்லீங்க, என் மண்டையில."

பன்னிரண்டு தறியும் ஓடின. அதே பிளகின் சைட்டில் இருக்கிறது. நாடுகளைத் திறந்துவிட்டுக் குப்பையை மட்டும் தடுக்கிறது. பாஸ்வேர்டை மாற்றிய சாரதாமணி, இந்த முறை யார் காதிலும் ஓதவில்லை. பிறகு அந்த ஒன்பது பேரையும் வரிசையாகக் கூப்பிட்டு, "நாந்தான் ஏமாந்த கழுத, உங்களையும் ஏமாத்திப் போட்டேன்" என்று சொன்னாள். எட்டுப் பேர் திட்டினார்கள். ஒன்பதாமவர் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"போகட்டும் உடுங்க்கா. வேற நல்ல சித்தரா இருந்தாச் சொல்லுங்க."

சாமிகளே, சைட்டைக் காக்கப் பிளகின் இருக்கிறது. மண்டையைக் காக்க எவனும் இலவசமாகத் தரமாட்டான், 'எப்படி?' என்று நீங்களே கேட்டுத்தான் ஆக வேண்டும். உங்கள் வீட்டு வாசலில் வேண்டாதவர்கள் நிற்காமலும், வேண்டியவர்கள் திரும்பிப் போகாமலும் இருக்கட்டும். அடுப்பில் பூசணிக்காய்க் கூட்டு கொதிக்கட்டும். பிள்ளைகள் கேள்வி கேட்டுக் கேட்டு உங்கள் உயிரை வாங்கட்டும். நல்லா இருங்கள்.